மணிலாவிலிருந்து வந்த தமிழ்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு உன் இஷ்டம்" என்றார். நான் தொலைத்தொடர்பு என்ஜினீயர். ஆகவே செல்போன் கோபுரத்தைப் பற்றியோ, வேலை வாய்ப்பைப் பற்றியோ பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருக்கலாம். மன்னிக்க வேண்டும். நான் பேசப்போவது ஒரு பழைய வானொலி ஒலிபரப்பைப் பற்றி. பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து, நாலாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து, நாற்பது வருஷத்துக்கு மேல் சிற்றலையில் வந்துகொண்டிருந்த தமிழ் ஒலிபரப்பு அது. பெயர் ரேடியோ வேரித்தாஸ் ஆசியா, தமிழ்ப்பணி. நடத்தியது கத்தோலிக்கத் திருச்சபை.

"ஏம்பா, காஞ்சிபுரத்துல நின்னுக்கிட்டு, ஏகாம்பரநாதர் கோபுரம் தெரியற இடத்துல, சர்ச் ரேடியோவைப் பத்தியா பேசுவே?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் என் தாத்தா.

தாத்தா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவு செய்தவர். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. நெற்றி நிறைய விபூதியோடுதான் தறியில் உட்காருவார். கிருத்திகை தவறாமல் குமரகோட்டம் போவார். ஆனால் தறிக்குப் பக்கத்தில் ஒரு பிலிப்ஸ் டிரான்சிஸ்டர் இருக்கும். அதன் ஏரியலிலிருந்து ஒரு செம்புக் கம்பி கிளம்பி, ஜக்கார்டு சட்டத்தைச் சுற்றி, ஜன்னல் வழியாகத் துணி காயப்போடும் கொடி வரைக்கும் போகும். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, 'மணிலா' கேட்டாக வேண்டும். அவருக்கு அந்த நிலையத்தின் பெயர் மணிலாதான். வேரித்தாஸ் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நெசவாளர் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். தறியில் உட்கார்ந்தவருக்குக் கண்ணும் கையும் காலும் வேலையில் இருக்கும். காது மட்டும்தான் காலி. அதனால்தான் நம் ஊர்த் தெருக்களில் நாடா ஓடும் சத்தத்தோடு ரேடியோ சத்தமும் சேர்ந்தே கேட்டது. ஆனால் சிற்றலையில் ஒரு தொல்லை. நிலையம் நகர்ந்துகொண்டே இருக்கும். கோர்வைச் சேலை ஓடும்போது எழுந்து வந்து திருப்ப முடியாது. எனவே திருப்பும் வேலை எனக்கு. ஏழு எட்டு வயதில் நான் பார்த்த முதல் தொலைத்தொடர்பு உத்தியோகம் அதுதான். சம்பளம் நாலணா மிட்டாய்.

இனி கொஞ்சம் சரித்திரம்.

வானொலியும் தேவாலயமும் சேர்ந்தது நேற்று இன்று அல்ல. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் கே.டி.கே.ஏ. என்ற நிலையம் 1920 நவம்பரில் தொடங்கியது. இரண்டே மாதத்தில், 1921 ஜனவரி 2ஆம் தேதி, கால்வரி எபிஸ்கோபல் தேவாலயத்தின் ஞாயிறு வழிபாட்டை அப்படியே ஒலிபரப்பினார்கள். வழிபாட்டுக்கு வந்தவர்களின் கவனம் சிதறக் கூடாது என்று, வயர் இழுத்துக்கொண்டிருந்த டெக்னீஷியன்களுக்குப் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிவிட்டார்களாம். அந்த இருவரில் ஒருவர் யூதர், இன்னொருவர் கத்தோலிக்கர். வேறு சபைக்காரர் கோயிலில் அங்கி போட்டு நின்ற அவர்கள்தான் மத ஒலிபரப்பின் முதல் என்ஜினீயர்கள்! பத்து வருஷம் கழித்து, 1931 பிப்ரவரி 12ஆம் தேதி வத்திக்கான் வானொலி தொடங்கியது. அதை நிறுவிக் கொடுத்தவர் வேறு யாருமல்ல, நாம் பாடப் புத்தகத்தில் படித்த மார்க்கோனியேதான். பிரிட்டனில் பி.பி.சி. 1926இல் தொடங்கிய மாலை வழிபாட்டுப் பாடல் ஒலிபரப்பு இன்றைக்கும் நடக்கிறது.

ஆசியாவின் கதை 1958இல் தொடங்குகிறது. அந்த டிசம்பரில் தென்கிழக்கு ஆசிய ஆயர்கள் மணிலாவில் கூடியபோது, இந்தக் கண்டத்துக்கென்று ஒரு வானொலி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். மேற்கு ஜெர்மனி பண உதவி செய்தது. முடிவெடுத்து, கட்டி, கருவி பொருத்தி, 1969 ஏப்ரல் 11ஆம் தேதி திறப்பு விழா நடந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நம் கல்லூரியில் புதிய பிளாக் கட்ட ஆன காலத்தை நினைத்து யாரும் வருத்தப்பட வேண்டாம்! 'வேரித்தாஸ்' என்றால் லத்தீன் மொழியில் உண்மை என்று பொருள். ஆசிய மொழிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தமிழ் சேர்ந்தது 1976இல்.

மணிலாவிலிருந்து எதற்குத் தமிழ் ஒலிபரப்பு, சென்னையிலிருந்தே செய்யக் கூடாதா என்று சின்ன வயதில் நான் கேட்டதுண்டு. விடை பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் நம் நாட்டில் வானொலி என்றால் ஆல் இந்தியா ரேடியோ மட்டும்தான். அலைவரிசை மக்களின் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. தனியார் எஃப்.எம். வந்தபோதும் மத அமைப்புகளுக்கு உரிமம் கிடையாது என்று விதி வைத்தார்கள். ஆகவே அப்படிப்பட்ட குரல் எதுவானாலும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். வத்திக்கானிலிருந்து வந்தது. இலங்கையில் புத்தளத்திலிருந்து வந்தது. சீஷெல்ஸ் தீவில் கடலுக்குள் பவளப் பாறை மேல் கோபுரம் நட்டு ஃபெபா வானொலி ஒலிபரப்பியது. அது 2003இல் நின்றது. மணிலாவும் அந்த வரிசையில் ஒன்று.

மாணவர்களுக்காக ஒரு சின்னப் பாடம். மணிலாவுக்கு வடமேற்கே, ஸம்பாலெஸ் மாகாணத்தில் பலாவிக் என்ற கடற்கரை ஊரில் டிரான்ஸ்மிட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 250 கிலோவாட். பூமி உருண்டை, நேர்கோட்டில் போகும் அலை நமக்கு வந்து சேராது. வானத்தில் 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தின் எஃப் அடுக்கு இருக்கிறது. அலை அதில் பட்டுத் திரும்பிக் கடலில் விழும். கடலில் பட்டு மறுபடி மேலே போகும். மறுபடி திரும்பும். இப்படி இரண்டு தாவலில் பிள்ளையார்பாளையம்.

ஏ.எம். பண்பேற்றம் என்றால் என்ன என்று தாத்தா ஒருமுறை கேட்டார். நான் அப்போது நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "பாவு மாதிரி ஒரு அலை சும்மா ஓடிக்கிட்டே இருக்கும் தாத்தா. பேசறவங்க குரல் ஊடை மாதிரி அதுல ஏறும். உங்க ரேடியோ பாவை உருவிட்டு ஊடையை மட்டும் உங்க காதுல போடுது" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாவை உருவிட்டா ஊடை எப்படிடா நிக்கும்?" என்றார். வாய்மொழித் தேர்வில் எந்தப் பேராசிரியரும் என்னை அப்படி மடக்கியதில்லை.

சூரியனின் நிலையைப் பொறுத்து அயனி மண்டலம் மாறும். அதனால் உலகம் முழுக்கச் சிற்றலை நிலையங்கள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அலைவரிசைப் பட்டியலை மாற்றுவார்கள். அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் ஒரே அமளி. ஒன்பது மெகாஹெர்ட்ஸில் இருந்த மணிலா பதினொன்றுக்குப் போய்விடும். நான் முள்ளை மெதுவாக நகர்த்திக்கொண்டே போவேன். சீனம் வரும், அரபி வரும், ஒரே இரைச்சல் வரும். திடீரென்று நடுவில் தமிழ் கேட்கும். அந்த நிமிஷத்தில் தாத்தா தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். அவர் தறியை நிறுத்துவது சாதாரண விஷயமில்லை.

சரி, அதில் என்ன கேட்டார்? விவிலியச் சிந்தனை வரும், அதையும் கேட்பார். நல்லது யார் சொன்னால் என்ன என்பார். ஆனால் முக்கியமாகச் செய்தி, நேயர் கடிதம், தமிழ்ப் பேச்சு. "நம்ம பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பேசறாங்கடா" என்பதுதான் அவர் கொடுத்த சான்றிதழ்.

இந்த நிலையத்தின் சரித்திரத்தில் இரண்டு இடங்களை மட்டும் நின்று சொல்ல வேண்டும்.

ஒன்று, 1986. பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் ஆட்சிக்கு எதிராக ராணுவத்தில் ஒரு பகுதி திரும்பியது. பிப்ரவரி 22ஆம் தேதி இரவு கர்தினால் ஹைமே சின், வேரித்தாஸின் உள்நாட்டு ஒலிபரப்பில் பேசினார். எட்ஸா சாலைக்கு வந்து அவர்களுக்குத் துணை நில்லுங்கள் என்று மக்களைக் கேட்டார். மக்கள் லட்சக்கணக்கில் வந்தார்கள். அடுத்த நாள் காலை ஆட்கள் புகுந்து மலோலோஸ் ஊரில் இருந்த டிரான்ஸ்மிட்டரை அடித்து நொறுக்கினார்கள். ஜூன் கீத்லி என்ற அறிவிப்பாளர் பெண்மணி வேறொரு நிலையத்துக்குப் போய் விடிய விடியப் பேசினார். 25ஆம் தேதி மார்க்கோஸ் நாட்டை விட்டுப் போனார். அந்த வருஷம் ரேடியோ வேரித்தாஸுக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. டிரான்ஸ்மிட்டரை உடைக்கலாம், கேட்பவர் காத்திருந்தால் குரல் இன்னொரு வழியில் வந்து சேரும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது, ஈழத்துப் போர்க்காலம். 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து லட்சக்கணக்கான மக்கள் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். அங்கே பல வருஷமாக மின்சாரம் இல்லை. பேட்டரி தடை செய்யப்பட்ட பொருள். அப்படியும் மக்கள் ரேடியோ கேட்டார்கள். எப்படி? சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோ மின்சாரத்தில் மற்றவர்கள் கேட்டார்கள். ஒருவர் கால் வலிக்கும்போது இன்னொருவர் ஏறுவார். இதை நான் முதல் முதலில் தெரிந்துகொண்டபோது என் படிப்பின்மேல் எனக்கு ஒரு புதிய மரியாதை வந்தது. அப்படிக் கேட்கப்பட்ட ஒலிபரப்புகளில் பி.பி.சி. தமிழோசை ஒன்று, வேரித்தாஸ் இன்னொன்று. 1990களின் பிற்பகுதியில் தமிழ்ப்பணிப் பொறுப்பில் அருட்தந்தை ஜெகத் கஸ்பர் இருந்தார். போரில் சிதறிப்போனவர்களின் துயரத்துக்கும் கடிதத்துக்கும் அந்த அரை மணியில் இடம் இருந்தது. எங்கள் வீட்டில் தறி ஓடும்போது நானும் அதைக் கேட்டிருக்கிறேன். எனக்குப் புரியவில்லை. பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கடிதம் என்றேனே, அதுதான் இந்தக் கதையின் மையம். சிற்றலை நிலையத்துக்குத் தன்னை யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. இரண்டரை லட்சம் வாட் சக்தியை வானத்தில் எறிகிறார்கள். எங்கே விழுந்தது என்று யார் சொல்வது? கேட்பவர் எழுதினால்தான் உண்டு. அதற்கு ஒரு முறை இருக்கிறது. தேதி, நேரம், அலைவரிசை, கேட்ட விவரம், அதோடு ஐந்து எண்கள்: ஒலியின் வலிமை, மற்ற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். நிலையம் பதிலுக்கு ஒரு வண்ண அட்டை அனுப்பும்.

தாத்தா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். எண்கள் என் வேலை. "தம்பி, நேத்து குரல் கம்மலா இருந்துச்சு, அந்த அம்மாவுக்கு ஜலதோஷமான்னு கேளு" என்பார். அதையும் எழுதியிருக்கிறேன். பதில் அட்டை வந்தால் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவார். ஒட்டிய அட்டைகள் பதினொன்று. என்னை எலக்ட்ரானிக்ஸ் படிக்க வைத்தது அந்தப் பதினொரு அட்டைகள்தான். மூன்றாம் ஆண்டில் ஆன்டெனா பாடம் எடுத்த சார், "தாவல் தூரம் என்றால் என்ன?" என்று கேட்டபோது வகுப்பில் எழுந்து நின்றவன் நான் ஒருவன்தான். என் வகுப்பு நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள், சாட்சி சொல்வார்கள்.

ஆனால், நண்பர்களே, நான் 2006இல் இந்தக் கல்லூரியில் சேர்ந்ததோடு கடிதம் நின்றுபோனது. ரெக்கார்டு நோட்டு, செமஸ்டர், பிறகு வேலை. "அடுத்த வாரம் எழுதலாம் தாத்தா" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. கேட்பது மட்டும் நிற்கவில்லை.

2018 ஜூலையில் போன் வந்தது. "டேய், மணிலா வரலைடா. ரேடியோ ரிப்பேர். வந்து பாரு." சனிக்கிழமை போனேன். ரேடியோவைத் திறந்தேன், தூசி தட்டினேன், பேட்டரி மாற்றினேன், கம்பியை இழுத்துக் கட்டினேன். மற்ற நிலையங்கள் வந்தன. மணிலா இருந்த இடத்தில் வெறும் இரைச்சல். செல்போனில் தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஜூன் 30ஆம் தேதியோடு ரேடியோ வேரித்தாஸ் ஆசியா சிற்றலையை முழுவதுமாக நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. அதற்கு முந்தின வருஷம் தமிழோசை வானொலியும் நின்றிருந்தது. உலகம் முழுக்கச் சிற்றலை அடங்கிக்கொண்டிருந்தது. என்ஜினீயராக எனக்கு நியாயம் புரிந்தது. அத்தனை மின்சாரம், அத்தனை செலவு, கேட்பவர்களோ செல்போனுக்குப் போய்விட்டார்கள். நான் நிர்வாகத்தில் இருந்தாலும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பேன்.

தாத்தாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நான் செல்போனில் அதே தமிழ்ப்பணியைப் போட்டுக் காட்டினேன். துளி இரைச்சல் இல்லாமல், கண்ணாடி மாதிரி கேட்டது. கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை நான் போய்க் கூப்பிட்டாத்தான் வருது. அது அந்த நேரத்துக்குத் தானா வந்துடும்." அதற்குப் பிறகு ஒன்று கேட்டார். "நிறுத்தப் போறோம்னு அவங்க யோசிச்சப்போ, நாம கேட்கறோம்னு அவங்களுக்குத் தெரியுமாடா? நாம கடைசியா எப்ப லெட்டர் போட்டோம்?"

நான் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஒரு கடிதம் ஒரு டிரான்ஸ்மிட்டரைக் காப்பாற்றியிருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நிலையம் நிறுத்துவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே எங்கள் பக்கத்தில் நாங்கள் நிறுத்திவிட்டோம். மூன்று வருஷம் கழித்துத் தாத்தாவும் போய்விட்டார். ரேடியோ என்னிடம் இருக்கிறது.

இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கல்லூரியும் வருஷா வருஷம் ஒலிபரப்பிக்கொண்டுதான் இருக்கிறது. சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வருகிறது, வாழ்த்து வருகிறது, கூட்ட அழைப்பு வருகிறது. நாம் எல்லோரும் படிக்கிறோம், சந்தோஷப்படுகிறோம், மடித்து வைத்துவிடுகிறோம். செயலாளர் ஐந்நூறு பேருக்கு அனுப்பினால் பதில் எழுதுகிறவர் எத்தனை பேர் என்று அவரையே கேளுங்கள். எங்கள் சாரில் ஒருவர் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். நான் அவரை நினைக்காத மாதம் இல்லை. ஆனால் அதை அவரிடம் சொன்னது போன மாதம்தான், இந்த உரையைத் தயாரிக்க உட்கார்ந்த பிறகு.

கடைசியாக ஒரு யோசனை. 2002இல் மத்திய அரசு கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்த அனுமதி கொடுத்தது. 2004 பிப்ரவரி 1ஆம் தேதி அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. இதற்கு 250 கிலோவாட் தேவையில்லை. நூறு வாட் போதும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும். நம் நெசவாளர் தெருக்கள் முழுக்க அதற்குள் வந்துவிடும். உரிமம் வாங்குவதும் தினம் நிகழ்ச்சி தயாரிப்பதும் சுலபம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இங்கே எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் இருக்கிறோம், தமிழ் படித்தவர்கள் இருக்கிறீர்கள், பணம் கொடுக்க மனமுள்ள சீனியர்களும் இருக்கிறீர்கள். இன்றைக்கும் தறியில் உட்கார்ந்திருப்பவருக்குக் காது மட்டும் காலியாகத்தான் இருக்கிறது. கருவி வடிவமைப்பையும் ஆன்டெனாவையும் நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் தவணையாக என் ஒரு மாதச் சம்பளத்தைத் தருகிறேன்.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று. தாத்தாவின் பிலிப்ஸ் ரேடியோவை நம் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். திறந்து பாருங்கள், பயப்படாதீர்கள். இரவில் முள்ளை மெதுவாக நகர்த்தினால் இன்னும் சில நிலையங்கள் கேட்கும். ஏதாவது கேட்டால், அந்த ஐந்து எண்களைக் குறித்து, ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். அங்கே யாரோ ஒருவர் காத்திருப்பார்.